ஆக்ரா ரோட்டின் ஆலைகள் – 9: தூசியை விசாரித்தவர்கள்

சயானில் தொடங்கி, குர்லா, காட்கோபர், விக்ரோலி, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு என வடக்கே சென்று தாணாவை அடையும் நெடுஞ்சாலைக்கு இன்று லால்பகதூர் சாஸ்திரி மார்க்கம் என்று பெயர் வழங்கினாலும், அவ்வட்டாரத்து ஆலைகளில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த பெரியவர்கள் அதை இன்னும் ஆக்ரா ரோடு என்றே சொல்கிறார்கள். பிரோஜ்ஷா கோத்ரெஜ் 1943-இல் விக்ரோலியில் விலைக்கு வாங்கிய நிலம் எவ்வாறு ஒரு தொழில் நகரமாக வளர்ந்தது என்பதையும், சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலுக்கு வேண்டிய லட்சக்கணக்கான இரும்பு வாக்குப்பெட்டிகள் அங்கிருந்து எப்படி நாடெங்கும் போய்ச் சேர்ந்தன என்பதையும் சென்ற இதழில் பார்த்தோம். ஆலைகள் எதைச் செய்து வெளியே அனுப்பின என்பதற்குக் கணக்குப் புத்தகங்கள் சாட்சியம் தருகின்றன. அங்கே உழைத்தவர்களின் மூச்சுக்குழலுக்குள் என்னென்ன புகுந்தன என்பதற்கோ வெகுகாலம் எந்தப் புத்தகமும் இருக்கவில்லை. அந்தப் புத்தகத்தை எழுத முனைந்தவர்கள் யார், எவ்வாறு எழுதினார்கள், ஏன் அத்தனை காலதாமதமாக எழுத நேர்ந்தது என்பனவே இந்த இதழின் விஷயம்.

இச்சாலையில் தூசி என்பது ஆலைகள் வருவதற்கு முன்பே இருந்தது. காட்கோபர், விக்ரோலிக் குன்றுகளில் கருங்கல் உடைக்கும் குவாரிகள் இருந்தன. அறுபதுகளில் அக்குவாரித் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு காட்கோபர் பந்த்நகரில் சிறிய ஆஸ்பத்திரி நடத்திவந்த ஓர் இளம் டாக்டர், மருந்து கொடுத்து அனுப்பிய நோயாளி மீண்டும் அதே குவாரிக்கே திரும்பிப் போவதைக் கண்டு, வைத்தியத்தோடு சங்கம் அமைக்கும் வேலையையும் மேற்கொண்டார். பின்னாளில் 1982 ஜனவரியில் தொடங்கிய பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின் தலைவராக நாடே அறிந்த தத்தா சாமந்த் அவர்தான். அவருடைய அரசியல் முறைகளைப் பற்றி அபிப்பிராய பேதங்கள் பல உண்டு. அவற்றுக்குரிய இடம் இதுவன்று. ஒரு வைத்தியர் தம் நோயாளியின் வேலைத்தலத்தைப் பொருட்படுத்தத் தொடங்கியதிலிருந்து இப்பகுதியின் தொழிற்சங்க சரித்திரத்தின் ஒரு கிளை முளைத்தது என்பதை மட்டும் நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

வைத்தியர் அதைப் பொருட்படுத்த வேண்டும் என்பது புதிய உபதேசமும் அன்று. இத்தாலியில் மோதேனா நகரத்துப் பேராசிரியர் பெர்னார்தினோ ராமத்ஸீனி, 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி ஒரு முழு நூல் இயற்றி, நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுடன், நீ என்ன தொழில் செய்கிறாய் என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. இந்தியாவின் முதல் தொழிற்சாலை விசாரணைக் கமிஷன் 1875-இல் இதே பம்பாயில் நியமிக்கப்பட்டது. 1881-இல் முதல் சட்டம் வந்தது. 1923-இன் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் தொழில்வழி வரும் சில வியாதிகளையும் விபத்துக்குச் சமமாகக் கருதியது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமோ, அட்டவணையிற் கண்ட வியாதி ஒன்று ஒரு தொழிலாளியைப் பற்றினால், ஆலை மானேஜர் மட்டுமன்றி, அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரும் பிரதான இன்ஸ்பெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று 89-ஆம் பிரிவில் விதித்தது. இவ்வளவு தெளிவான விதி இருந்தும் அறிவிப்புகள் வரவில்லை. மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் நிற்கவில்லை என்று வருகிற ஆளுக்கு எக்ஸ்ரேயில் கறை தெரிந்தால் டி.பி. மாத்திரை எழுதிக் கொடுப்பதும், ஆறுமாதம் தின்றும் குணம் இல்லையென்றால் பீடியின் மேல் பழி போடுவதும் வழக்கமாக இருந்தன. தொழில் வியாதிகளை இனங்காணும் பயிற்சி நமது வைத்தியப் படிப்பில் மிகச் சொற்பம். இனங்காண முடிந்தவர்களில் சிலர் ஆலையின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள்.

இனி, கல்நாருக்கு வருவோம். ஆஸ்பெஸ்டாஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பொருள், பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் கல்லாகவே இருந்தும் பஞ்சைப்போல் பிரிந்து நூலாகத் திரிக்க வரும் விசித்திரம் உடையது. நெருப்பில் எரியாது, உராய்வில் தேயாது. இக்குணங்களால் லாரி, பஸ், ரயில் வண்டிகளின் பிரேக் லைனிங்குக்கும் கிளட்ச் தகட்டுக்கும், கூரை ஷீட்டுக்கும், கொதிகலனைச் சுற்றும் கயிற்றுக்கும் அதையே தேடினார்கள். ஆக்ரா ரோட்டில் இத்தொழில் இரண்டு பெரிய இடங்களில் நடந்தது. முலுண்டில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் கம்பெனி கூரை ஷீட்டுகள் செய்தது. நம் கோயம்புத்தூருக்கருகே போத்தனூரில் இருந்த ஷீட் ஆலையும் அதே கம்பெனியைச் சேர்ந்ததுதான். விக்ரோலிக்குத் தெற்கே அடுத்த ஊரான காட்கோபரில் இந்துஸ்தான் பெரோடோ என்ற கம்பெனி பிரேக் லைனிங்கும் கல்நார் நூற்பொருள்களும் செய்தது. இதுவே பிற்காலத்தில் இந்துஸ்தான் காம்போசிட்ஸ் எனப் பெயர் மாறியது. இவ்விரண்டுக்கும் தாய்க்கம்பெனியாக இருந்தது இங்கிலாந்தின் டர்னர் அண்ட் நியுவால். அத்தாய்க்கம்பெனியின் பூர்விகத்தைச் சிறிது விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

லங்காஷயரில் ராச்டேல் என்ற ஊரில் டர்னர் சகோதரர்களின் கல்நார் ஆலையில் நூற்பு வேலை செய்த நெல்லி கெர்ஷா என்னும் பெண், 1924-ஆம் ஆண்டு, முப்பத்து மூன்றாம் வயதில் சுவாசம் அடைத்து இறந்தாள். அவளுடைய நுரையீரலைப் பரிசோதித்த டாக்டர் குக், அதில் கல்நார்த் துகள்களைக் கண்டு பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். கம்பெனி நஷ்டஈடு கொடுக்க மறுத்தது. ஆனால் விஷயம் மறையவில்லை. பிரிட்டிஷ் சர்க்காரின் தொழிற்சாலை வைத்திய இன்ஸ்பெக்டர் மெரிவெதரும், பொறியியல் இன்ஸ்பெக்டர் பிரைஸும் விசாரணைக்கு அனுப்பப்பட்டனர். கல்நார் ஆலைகளில் 363 தொழிலாளரைப் பரிசோதித்து 1930-இல் அவர்கள் சமர்ப்பித்த அறிக்கை, 95 பேருக்கு, அதாவது நூற்றுக்கு இருபத்தாறு பேருக்கு, நுரையீரல் தழும்பேறி இறுகும் வியாதி இருப்பதாகச் சொல்லிற்று. மெரிவெதர் நோயாளிகளைப் பார்த்தார்; பிரைஸ் யந்திரங்களைப் பார்த்து, எந்த இடத்தில் எப்படித் தூசியை உறிஞ்சி வெளியேற்றலாம் என்று வரைந்து காட்டினார். மறுவருஷமே அங்கே விதிமுறைகள் வந்தன. நோயாளியின் மார்பையும் அவன் நிற்கும் யந்திரத்தையும் சேர்த்து விசாரிக்கும் இம்முறையைவிடச் சிறந்த முறை ஒன்றை இந்தத் துறையில் நான் இன்றுவரை படித்தறிந்ததில்லை. இந்த அறிக்கை வந்தபோது இந்துஸ்தான் பெரோடோ பிறக்கவே இல்லை. காட்கோபரில் ஆலைக்கு அஸ்திவாரம் போட்ட தாய்க்கம்பெனிக்குக் கல்நார்த் தூசி என்ன செய்யும் என்பது முன்னதாகவே, அச்சில் ஏறிய சர்க்கார் அறிக்கை மூலமாகவே, தெரிந்திருந்தது.

ஆலைக்குள் அத்தூசி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பஞ்சாலை அறிந்த எவரும் சுலபமாக ஊகிக்கலாம். சாக்கிலிருந்து கல்நாரைக் கொட்டி, பருத்தியுடன் கலந்து, கார்டிங் யந்திரத்தில் வாரி, நூலாகத் திரித்து, தறியில் நெய்கிறார்கள். பிரேக் லைனிங் பகுதியில் பிசினுடன் குழைத்து அச்சில் அழுத்திச் சுட்டு, பிறகு அளவுக்கு அறுத்து, துளையிட்டு, உரசித் தேய்க்கிறார்கள். சாக்கைப் பிரிக்கும் இடத்திலும் கார்டிங்கிலும் தேய்ப்பு யந்திரத்தின் வாயிலும்தான் தூசி அதிகம். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவனின் புருவத்திலும் காது மடலிலும் சாம்பல் நிறத்தில் படிந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிற தூசி. அது பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். உண்மையில் அபாயமானது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழை. அது மூச்சோடு இறங்கி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் ஊசியாகக் குத்தி நிற்கிறது, தேகத்தின் காவல் அணுக்கள் அதைச் செரிக்க முயன்று தோற்கின்றன, அவ்விடம் தழும்பாகிறது, ஆண்டுதோறும் தழும்பு பெருகி, மிருதுவாக விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல் தோலைப்போல் விறைக்கிறது. இது வெளியே தெரியப் பத்து, இருபது ஆண்டுகள் ஆகும். நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மெசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கோ முப்பது நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். இந்த நீண்ட இடைவெளியே விசாரணைக்குப் பெரிய சத்துரு. வேலைக்குச் சேர்ந்த வாலிபன் திடகாத்திரமாக இருக்கிறான். மூச்சு வாங்கத் தொடங்கும்போது அவன் ரிட்டயர் ஆகி, கிராமத்துக்குத் திரும்பி, யாருடைய கணக்கிலும் இல்லாதவனாகிவிடுகிறான்.

காற்றை அளப்பதற்கு ஒரு முறை உண்டு. தொழிலாளியின் சட்டைக் கழுத்துப்பட்டையில், மூக்குக்குச் சமீபமாக, சிறிய வடிகட்டி ஒன்றைக் குத்தி, அதிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை இடுப்பிலுள்ள பம்புக்கு இணைக்கிறார்கள். அவன் வேலை செய்யும் நேரமெல்லாம் அப்பம்பு அளவான வேகத்தில் காற்றை இழுக்கிறது. பிறகு அந்தச் சவ்வு வடிகட்டியை ரசாயன ஆவியால் கண்ணாடிபோல் தெளிவாக்கி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, ஐந்து மைக்ரானுக்கு மேல் நீளமும், நீளத்தில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த பருமனும் உள்ள இழைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். போபால் விபத்துக்குப் பின் 1987-இல் திருத்தப்பட்ட நமது சட்டம், ஒரு மில்லிலிட்டர் காற்றில் இத்தனை இழைக்கு மேல் கூடாது என்று ஓர் உச்சவரம்பை வகுத்தது. ஒரு மில்லிலிட்டருக்கு ஒரே ஓர் இழை என்றே வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் அவ்வளவில், ஒரு ஷிப்டில் சுமார் பத்துக் கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கும் ஆள் ஒரு கோடி இழைகளை உள்ளே இழுக்கிறான். அமெரிக்காவில் 1994 முதல் வரம்பு இதில் பத்தில் ஒரு பங்கு.

இக்கருவிகளும் நிபுணரும் நம்மிடம் இல்லாமலில்லை. ஆக்ரா ரோட்டின் தென்கோடியில், தாராவிக்கு அடுத்தாற்போல், சயானில் மத்தியத் தொழிலாளர் ஆராய்ச்சி நிலையம் 1959-இல் ஸ்தாபிக்கப்பட்டு, 1966-இல் தன் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. தொழிற்சாலைக் காற்றின் விஷம், இரைச்சல், வெப்பம் ஆகியவற்றை அளப்பதற்கென்றே மத்திய சர்க்கார் ஏற்படுத்திய இடம் அது. அதன் கிளை ஒன்று சென்னையிலும் உண்டு. அவ்வாராய்ச்சிகளின் பயனைக் குறைத்துச் சொல்வது நன்றியாகாது. ஆயினும் சர்க்காரின் ஆராய்ச்சி ஆலை நிர்வாகத்துக்கு ஆலோசனை கூறும் தன்மையுடையது. தூசிக்குள் நிற்கும் ஆள், என் மார்பில் என்ன இருக்கிறது, அதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பீர்களா என்று கேட்டு வரக்கூடிய வாசலாக அது அமையவில்லை.

அந்த வாசல் அதே சயானில், நகரசபையின் லோகமான்ய திலக் ஆஸ்பத்திரியில் திறந்தது. அங்கே சத்திர சிகிச்சை வைத்தியராயிருந்த டாக்டர் வி. முரளிதரும், தொழிலாளர் இயக்கத்தில் தோய்ந்த விஜய் கன்ஹேரேயும் அவர்களைப் போன்ற சிலரும் சேர்ந்து 1988-இல் தொழில் ஆரோக்கியப் பாதுகாப்பு மையம் ஒன்றை நிறுவினார்கள். முதலில் அவர்கள் கவனம் பஞ்சாலைகளின் மேல் சென்றது. பருத்தித் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்னும் சுவாச வியாதியைப் பம்பாய் ஆலை ஒன்றின் தொழிலாளரிடம் ஆராய்ந்து, 1995-இல் தேசிய வைத்திய சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையோடு அவர்கள் நின்றிருந்தால் இத்தொடரில் அவர்களுக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கும். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் கீழ் நஷ்டஈட்டு மனு எழுதுவதும், மெடிக்கல் போர்டின் முன் நின்று இது தொழிலால் வந்த வியாதிதான் என்று வாதிடுவதும் தங்கள் ஆராய்ச்சியின் பகுதியே என்று அவர்கள் கருதினார்கள். இதுவே அவர்களை எனக்குப் பெருமதிப்புக்கு உரியவர்களாக்குகிறது.

காட்கோபர் ஆலையின் கல்நார்த் தொழிலாளரை அவர்கள் பரிசோதித்த விவரம் 2005-இல் வெளியாயிற்று. அந்தப் பரிசோதனை முறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். முதலாவது, வேலைச் சரித்திரம்: எந்த வருஷம் சேர்ந்தாய், எந்த டிபார்ட்மெண்ட், கார்டிங்கா தேய்ப்பா, உறிஞ்சும் குழாய் வேலை செய்ததா, துண்டைக் கட்டிக்கொண்டாயா, முகமூடி கொடுத்தார்களா. ஆலைக் காற்றின் பழைய அளவுகள் தொழிலாளிக்குக் கிடைக்காத நாட்டில், அவனுடைய ஞாபகமே முதற் பிரமாணம். இரண்டாவது, ஸ்டெதாஸ்கோப்: முதுகின் அடிப்புறத்தில் வைத்து ஆழ மூச்சிழுக்கச் சொன்னால், மூச்சின் கடைசிக் கட்டத்தில் நுண்ணிய நெரிவொலி கேட்கும், இருமினாலும் அது மறையாது. மூன்றாவது, தொழிலாளர்கள் ஊதுகிற டெஸ்ட் என்று சொல்லும் சுவாச அளவீடு: மூக்கில் கிளிப் போட்டு, நிறைய இழுத்து, ஒரே மூச்சில் குழாய்க்குள் முழுவதையும் ஊத வேண்டும், விறைத்த நுரையீரலில் காற்றின் மொத்தக் கொள்ளளவே குறைந்திருக்கும். நான்காவது, எக்ஸ்ரே: ஜினீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் தூசி வியாதிகளுக்கென்று வகுத்த மாதிரிப் படங்களைப் பக்கத்தில் வைத்து, நோயாளியின் படத்தை ஒப்பிட்டுப் படி நிர்ணயிக்க வேண்டும். இவையனைத்தும் ஒன்றையொன்று உறுதி செய்தபின்பே, கல்நார்த் தூசியால் நுரையீரல் இறுகும் அஸ்பெஸ்டோசிஸ் என்ற முடிவுக்கு வைத்தியர் வருகிறார்.

ஆலையிலிருந்த 232 தொழிலாளரில் 181 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். அவர்களில் 41 பேருக்கு வியாதி உறுதியாயிற்று. நூற்றுக்கு இருபத்து மூன்று பேர். இங்கிலாந்தில் 1930-இல் மெரிவெதர் கண்ட இருபத்தாறையும், முக்கால் நூற்றாண்டுக்குப் பின் காட்கோபரில் கண்ட இருபத்து மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கிற எவருக்கும் மனம் கொதிக்காமல் இராது. வியாதியின் காரணம் தெரியாததனால் இது நேர்ந்தது என்று சொல்ல வழியில்லை. நிவாரணம் தெரியாததனால் என்று சொல்லவும் வழியில்லை. இந்தியாவில் கல்நார்த் தூசிக்கு ஆளானவர் சுமார் ஒரு லட்சம் என்றும், அதற்காக நஷ்டஈடு பெற்றவர் முப்பது பேர்கூட இல்லை என்றும் அதே கட்டுரை கணக்கிட்டது. நிர்வாகமே பணம் கொடுத்து நடத்தும் பரிசோதனைகளில் தொழிலாளியிடம் சான்றிதழ் தர மறுப்பதும், அஸ்பெஸ்டோசிஸை வேறு பெயரால் பதிவதும் இதற்குக் காரணங்கள் என்று அது வெளிப்படையாகவே குறிப்பிட்டது.

தொழிலாளி ஒருவனோடு இது முடிந்தால்கூடப் பாதி ஆறுதல் கொள்ளலாம். லண்டனில் 1965-இல் மாலி நியூஹவுஸ், ஹில்டா தாம்ப்ஸன் என்ற இரு பெண்மணிகள் மெசோதீலியோமாவால் இறந்தவர்களின் வாழ்க்கையைத் துருவி ஆராய்ந்தபோது, கல்நார் ஆலையின் வாசலையே மிதிக்காத சிலர் அவர்களுள் இருப்பதைக் கண்டார்கள். அவர்கள் கல்நார்த் தொழிலாளரோடு ஒரே வீட்டில் வசித்தவர்கள், பலர் அவர்களுடைய வேலைத் துணிகளைத் துவைத்தவர்கள். பத்துக்குப் பத்து அறையில், ஒரு மூலையிலுள்ள மோரியிலேயே குளியலும் துவையலும் பாத்திரம் கழுவலும் நடக்கும் பம்பாய்க் குடித்தனத்தில், கணவனின் சட்டையை நனைக்கும் முன் உதறுகிற மனைவியையும், அப்பா வந்தவுடன் ஓடிப்போய் மடியில் ஏறும் குழந்தையையும் எண்ணிப் பாருங்கள். ஆலையிலேயே குளியலறையும், வேலைத்துணியைத் துவைக்கும் ஏற்பாடும், வீட்டுத்துணிக்குத் தனிப் பெட்டியும் வேண்டும் என்பது அக்காரணத்தால்தான். இது சௌகரியத்தைச் சேர்ந்த கோரிக்கையாக நிர்வாகங்கள் எண்ணியது பெரும் பிழை.

சுப்ரீம் கோர்ட்டு 1995 ஜனவரி 27-இல், நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையின் அங்கம் என்று தீர்ப்பளித்தது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் ஆரோக்கியப் பதிவேட்டையும், அவன் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷங்களோ, வேலையை விட்டபின் 15 வருஷங்களோ, எது பிந்தியதோ அதுவரை, காத்துவைக்க வேண்டும் என்றும், வியாதி உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்றும் கட்டளையிட்டது. வியாதியின் நீண்ட உறக்கத்தை அறிந்து போட்ட உத்தரவு அது. 1985-இல் சேர்ந்தவனின் பதிவேடு குறைந்தது 2025 வரை இருக்க வேண்டும். ஆனால் ஆக்ரா ரோட்டின் பழைய ஆலைகள் பலவும் மூடிப்போய், அந்த மனைகளில் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. பழைய தொழிலாளி எந்தக் கேட்டில் போய்த் தன் எக்ஸ்ரேயைக் கேட்பான்?

ஆகவே விக்ரோலி பார்க்சைட்டிலும், கன்னம்வார் நகரிலும், காட்கோபர், பாண்டுப், முலுண்டிலும் இத்தொடரைப் படிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தகப்பனாரோ பெரியப்பாவோ மாமாவோ கல்நார், பிரேக் லைனிங், கூரை ஷீட் ஆலைகளில் வேலை செய்திருந்தால், அவருடைய கேட்பாஸ், ஈ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். சீட்டு, சம்பளச் சீட்டு, பழைய எக்ஸ்ரே இவற்றில் எது பீரோவின் அடித்தட்டில் கிடந்தாலும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எந்த வருஷம், எந்த டிபார்ட்மெண்ட், எந்த யந்திரம், பக்கத்தில் யார் நின்றார் என்பதை அவர் வாயால் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஊருக்குத் திரும்பி, திருநெல்வேலியிலோ சேலத்திலோ மூச்சிரைப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவராயின், அங்குள்ள டாக்டரிடம் பம்பாயில் இன்ன வேலை செய்தேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். மெடிக்கல் போர்டு கேட்கும் முதற் கேள்வியும் அதுவே. அதற்குக் காகிதத்தோடு பதில் சொல்ல முடிந்தவர்களின் மனுக்களே முன்னே நகர்ந்திருக்கின்றன.

தாராவியின் தோல் பதனிடும் தொட்டிகளையும், அவற்றில் கைவிட்டு வேலை செய்த நம்மவர்களையும் அடுத்த இதழில் காண்போம்.